நடுவர் ஆதிரை அவர்களே!

மன்னிக்க வேண்டும், பழக்கதோஷம்; ஆதிரை என் அக்கா மகள். அநியாயம் நடந்தது எனக்கு. செய்தது என் கூடப் பிறந்த அக்கா. ஒரு கிலோவுக்குப் பேச்சுப் பேசி, அந்த ஒரு கிலோவையும் வாங்கிக்கொண்டு, பேசினபடி நடக்காமல் இன்று காலை என்னை இந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அதனால் மேடம், உங்களை நான் அக்கா என்று கூப்பிட மாட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சொல்லின் மேல் இன்றைக்கு எனக்குக் கோபம். மேடம் என்றே வைத்துக்கொள்வோம்.

நீங்கள் பாட்டுக்கு ஊட்டுங்கள். நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்றே ஒன்று சொல்லட்டுமா? ராஜபாளையத்தில் ஏறியதிலிருந்து பார்க்கிறேன். போனில் யானை ஆடுகிறது, பூனை ஆடுகிறது, கரடிகூட ஆடிவிட்டது. உங்கள் குட்டி வாயில் இட்லி மட்டும் ஆடாமல் அசையாமல் அப்படியே இருக்கிறது. அந்த போனை உள்ளே வையுங்கள். இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? சரி, உங்கள் பார்வை கேட்டது.

சொல்கிறேன். பெயர் பூரணி. அரசியல் அறிவியல் எம்.ஏ. இந்த மே மாதம் முடித்தேன். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்வதன் வரலாறு பற்றி நூற்றிருபது பக்கம் எழுதியிருக்கிறேன். ஹைதராபாத்தில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. தேர்வு எழுதி, நேர்முகத்தில் மூன்று பேராசிரியர்களோடு முக்கால் மணி நேரம் வாதாடி வாங்கின இடம். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். இதில் ஒரு சின்னச் சிக்கல் என்னவென்றால் என் அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது.

அப்பா அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு எண்ணிப் பத்து வார்த்தை பேசுவார், அதில் எட்டு வாடிக்கையாளருக்கு. எங்கள் வீட்டில் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது. 'வாய்ல சோறு இருக்கையில பேச்சு என்ன' என்பார். அதோடு சரி. அப்புறம் அவர் ரசம் உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். நானும் அக்காவும் அப்படித்தான் வளர்ந்தோம். நான் பேசின பேச்செல்லாம் வெளியில் பேசினது. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் மட்டும் பதினேழு கோப்பை. எல்லாம் அக்கா வீட்டுப் பரணில் இருக்கிறது. எங்கள் வீட்டில் வைக்க இடமில்லை. இடம் இருக்கிறது, ஆனால் எதற்கு வீணாக?

ஆடி பிறந்த அன்றைக்கு அப்பா சொன்னது மூன்றே வார்த்தை. 'ஆடி முடியட்டும், பாப்போம்.' ஆடியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்களே. ஆவணி பிறந்ததும் திருப்பூர் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். எங்கள் அப்பாவின் மூன்று வார்த்தைக்கு முப்பது பக்கம் உரை எழுதலாம்.

நான் நேராக ராஜபாளையம் போய்விட்டேன், அக்காவிடம். அக்கா பெயர் செண்பகா. என்னைவிட எட்டு வயது பெரியவள். அத்தான் வைரவன் நூல் மில்லில் சூப்பர்வைசர். ஒரே பெண் ஆதிரை, வயது ஐந்து, யு.கே.ஜி. நான் போன அன்றைக்கு வீட்டில் என்ன காட்சி தெரியுமா? சாப்பாட்டு மேஜையில் ஒரு தோசை முயல். நிஜமாகவே முயல்தான். கேரட்டில் காது, மிளகில் கண், வெங்காயத்தில் மீசை. அக்கா எதிலோ பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் செலவழித்துச் செய்திருக்கிறாள். ஆதிரை அதைப் பார்த்து முதலில் சிரித்திருக்கிறாள். பிய்க்கப் போனதும் வீடு இரண்டுபட்டது. முயலைத் தின்ன விடமாட்டேன் என்று அழுகை. கடைசியில் கைக்குட்டையைப் போர்த்தி அதைத் தூங்கவைத்துவிட்டு, பட்டினியாகப் பள்ளிக்கூடம் போனாள்.

அத்தான் விமானம் ஓட்டுவார். கரண்டியைத் தலைக்கு மேல் சுற்றி, வாயால் உறுமி, இதோ இறங்கப் போகுது, இதோ இறங்கப் போகுது என்பார். இவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, "ஏர்போர்ட் லீவு" என்பாள். தப்பித்தவறி ஒரு வாய் உள்ளே போனால் அது கன்னத்தில் தங்கும். காலை ஏழரைக்குப் போன இட்லி, எட்டரைக்கு வேன் ஏறும்போதும் அதே கன்னத்தில் இருக்கும். டாக்டரோ, பிள்ளை நன்றாக இருக்கிறாள், பசித்தால் சாப்பிடுவாள், நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அக்கா டாக்டரை மாற்றிவிட்டாள்.

நான் ஹைதராபாத் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவிடம் நீதான் பேச வேண்டும் என்றேன். அக்கா கையில் சோற்றுக் கிண்ணத்தோடு என்னைப் பார்த்தாள்.

"ஏன், உனக்கு வாயில்லையா?"

"அப்பாகிட்ட நான் எப்படிக்கா?"

"அந்த வாய வச்சு முதல்ல இவள ஒரு வாய் திங்க வையி. பதினாலு கிலோ இருக்கா. ஒரு கிலோ ஏறட்டும். நானே அருப்புக்கோட்டைக்கு வந்து அப்பாகிட்டப் பேசுறேன்."

"சத்தியமா?"

"உங்க அத்தான் மேல சத்தியம்."

"என்னைய ஏன்டி இதுல இழுக்குற?" என்றார் அத்தான்.

கவனியுங்கள். வாய்மொழி ஒப்பந்தம். சாட்சி உண்டு. சாட்சியின் தலையிலேயே அடித்த சத்தியம். இதைவிடப் பலமான ஒப்பந்தம் உலகத்தில் இருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள். இல்லை.

பயமா என்று நினைக்காதீர்கள். அப்பாவிடம் எனக்குப் பயமெல்லாம் கிடையாது, மரியாதை. நான் பேச ஆரம்பித்தால் ஆதாரத்தோடு பேசுவேன், அவர் தாங்க மாட்டார். அதற்காகத்தான்.

சரி. முதல் இரண்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆராய்ச்சி முறை அதுதான். மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அக்காவும் அத்தானும் எதற்கோ சண்டை போட்டார்கள். ரசத்தில் பெருங்காயம் அதிகம் என்று அத்தான் சொல்ல, உங்களுக்கு மூக்கு அதிகம் என்று அக்கா சொல்ல, சூடு பிடித்தது. ஆதிரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். நான் சும்மா ஒரு உருண்டையை உள்ளே வைத்தேன். முழுங்கினாள்! சண்டையின் சுவாரசியத்தில் முழுங்கியதே அவளுக்குத் தெரியவில்லை. நான்கு உருண்டை. அதற்குள் அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள், பாவிகள்.

எனக்கு அப்போதுதான் மின்னல் வெட்டியது. இந்தப் பிள்ளைக்கு முயலும் வேண்டாம், விமானமும் வேண்டாம். வழக்கு வேண்டும்.

மறுநாளே தொடங்கினேன். எங்கள் வீட்டுப் பட்டிமன்றம். நடுவர் ஆதிரை. நாற்காலி மேல் இரண்டு தலையணை போட்டு அவளை உட்காரவைத்தோம். பூஜை மணியை எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு சொம்பில் தண்ணீர். தோளில் குளியல் துண்டு, அதுதான் பொன்னாடை. தலைப்பு: இட்லிக்குப் பெரிதும் துணை நிற்பது சாம்பாரா, சட்னியா? சாம்பாரே என்று அத்தான். சட்னியே என்று நான். ஒரு சின்ன விதி. ஒவ்வொரு வாதம் முடிந்ததும் நடுவர் அந்தப் பண்டத்தை ஒரு வாய் ருசி பார்க்க வேண்டும். ருசி பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் செல்லாது. எத்தனை பெரிய நடுவரானாலும் ஆதாரத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

"நடுவர் ஆதிரை அவர்களே!" என்று எழுந்தார் அத்தான். "எதிரணியினர் சட்னி சட்னி என்கிறார்கள். நான் கேட்கிறேன், சட்னியிலே இட்லியை ஊறவைக்க முடியுமா? முடியாது! இட்லி குளிக்க வேண்டுமானால் சாம்பார் வேண்டும்!"

மனிதர் பதினைந்து வருடமாக நூல் மில் சத்தத்தில் வேலை பார்க்கிறவர். இத்தனை பேச்சு அவருக்குள் இருந்தது அக்காவுக்கே தெரியாது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

நான் எழுந்தேன். "சாம்பாரில் குளித்த இட்லி துவட்ட ஆளில்லாமல் நொந்து கிடக்கிறது, நடுவர் அவர்களே! சட்னி தொட்ட இட்லியோ தலை நிமிர்ந்து நிற்கிறது!"

ஆதிரை மணியை அடித்தாள். ஒரு வாய். மறுபடி மணி. ஒரு வாய். இரண்டரை இட்லி, மேடம். கன்னத்தில் ஒதுக்கல் இல்லை. கடைசியில் தீர்ப்பு: "ரெண்டுலயும் உப்பு கம்மி." அக்கா அழுதுவிட்டாள். உப்புக்காக இல்லை.

ஊட்டுங்கள், ஊட்டுங்கள். உங்கள் குட்டியும் என் வாயையே பார்க்கிறாள். பார்த்தீர்களா, வாய் திறந்திருக்கிறது. வையுங்கள் உள்ளே. நான் நிறுத்தாமல் பேசுகிறேன்.

அப்புறம் மூன்று வாரம் எங்கள் வீட்டில் வேளைக்கொரு மன்றம். வெண்டைக்காய் வழவழப்பது குறையா, குணமா? தயிர்ச் சோறு உணவா, மருந்தா? முட்டையின் பெருமைக்குக் காரணம் வெள்ளையா, மஞ்சளா? கீரைக்கு வாதாட ஆள் கிடைக்காமல் நானே இரண்டு பக்கமும் பேசினேன். ஆதிரை கீரையைத் தின்றாள். பாகற்காயைத் தின்றுவிட்டு, "இந்தக் கட்சிக்கு டெபாசிட் போச்சு" என்றாள். அந்த வார்த்தை அத்தானிடம் கற்றது.

பதவி வந்தால் யாருக்குத்தான் தலை கனக்காது? இரண்டாம் வாரத்திலிருந்து நடுவர் பொன்னாடை இல்லாமல் உட்கார மாட்டார். கைதட்டல் போதவில்லை என்று ஒருநாள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். கத்தரிக்காய் வழக்கில் தீர்ப்பை நாலு நாள் தள்ளிவைத்தார். "சித்தி, இன்னும் யோசிக்கணும்" என்பார். யோசிக்க ஒரு முறுக்கு வேண்டும் என்பார். லஞ்சம் என்று அக்கா சொன்னாள். நீதிபதிக்குப் படி என்று நான் விளக்கினேன்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது, உண்மைதான். சில நாள் ஒன்றே கால் மணி. ஆனால் சாப்பிட்டாளா, இல்லையா? ஜனநாயகம் என்றால் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இந்த நேரத்தில்தான் தக்காளிச் சட்னி விவகாரம். தலைப்பில் தப்பே இல்லை. தோசைக்கு ஏற்றது தேங்காய்ச் சட்னியா, தக்காளிச் சட்னியா? வழக்கமாகத் தட்டு கழுவப் போய்விடுகிற அக்காவை நான்தான் வற்புறுத்தித் தக்காளி அணியில் உட்காரவைத்தேன். அத்தான் தேங்காய். நன்றாகத்தான் போனது. நடுவில் அவர், "நடுவர் அவர்களே, இந்த வீட்டில் தக்காளிச் சட்னி என்ற பெயரில் ஒன்பது வருடமாக நடப்பது வேறு" என்றார். கைதட்டல் வாங்கச் சொன்னார், பாவம். அக்கா எழுந்தாள். நடுவரைப் பார்த்தே பேசினாள், மரபுப்படி. தலைப்பிரசவம் முடிந்து வந்த வாரம் யார் என்ன சொன்னார் என்பதிலிருந்து தொடங்கினாள். அவள் கேட்ட தையல் மிஷின், அவள் விட்ட வேலை, அத்தான் மறந்த மூன்று கல்யாண நாள், எல்லாம் வரிசையாக வந்தது. மேற்கோள் சுத்தம். தேதி சுத்தம். என் பதினேழு கோப்பையில் பத்தையாவது அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அக்கா, நேரம் முடிஞ்சது, மணி அடிச்சாச்சு" என்றேன். விதி விதிதானே? ஆதிரை அடித்திருந்தாள், நிஜமாகவே. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு அணியும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. பழி என் மேல். நான் தலைப்பு மட்டும்தான் கொடுத்தேன்!

ஒரு நிமிஷம். போன். மன்னிக்க வேண்டும், இதை எடுத்தாக வேண்டும்.

"ஹலோ... ம்... பஸ்லதான்பா... ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியாச்சு... ம்... சரிப்பா... நாளைக்கா? ஞாயித்துக்கிழமன்னு... ம்... சரிப்பா... பச்சையா? இருக்குப்பா... சரிப்பா. சரி. வைக்கிறேன்பா."

அப்பா. திருப்பூர்க்காரர்கள் ஞாயிறு இல்லையாம், நாளைக்கே வருகிறார்களாம். பச்சைப் பட்டு கட்டச் சொல்கிறார். சரி, எங்கே விட்டேன்? பழி. பழி என் மேல்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பஸ்ஸில் வைத்து என்ன பேச முடியும்? டவர் வேறு விட்டு விட்டுக் கிடைக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். தக்காளிச் சட்னி ஆறுவதற்குள் ஆதிரையின் டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. பெற்றோர் நேரில் வரவும். நானும் அக்காவும் போனோம். மிஸ் பெயர் கிறிஸ்டினா. சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"உங்க பொண்ணு மதியச் சாப்பாட்டுல என்ன பண்றான்னு தெரியுமா மேடம்? டப்பாவ மூடி வச்சிட்டு, 'புளியோதரைக்கு யார் பேசுறா, எதிர்த்து யார் பேசுறா'ங்கறா. எல்லாப் பிள்ளைகளும் கை தூக்குதுக. முப்பத்திரண்டு பிள்ளைக. யாரும் சாப்பிட மாட்டேங்குதுக. பேசுதுக. மணி அடிச்சிருது. அப்படியே டப்பாவ வீட்டுக்குக் கொண்டு போயிருதுக. எட்டு அம்மாமார் பிரின்சிபால்கிட்டப் புகார் குடுத்திருக்காங்க."

நான் சும்மா இருக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் கை தூக்கி முறையாக வரிசையில் பேசுகிறார்கள் என்றால் பள்ளிக்கூடம் மகிழ்ச்சி அல்லவா அடைய வேண்டும் என்று கேட்டேன். அந்த மிஸ் என்னிடம், "நீங்க யாரு மேடம்?" என்றாள். சித்தி என்றேன். "ஓ, நீங்கதானா அது?" என்றாள். இந்த 'அது' எனக்குப் பிடிக்கவில்லை. நான் இன்னும் இருபது நிமிஷம் பேசினேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளிக் கிள்ளி இங்கே பாருங்கள், தடம்.

அன்றைக்கு மாலையே மன்றம் கலைக்கப்பட்டது. அவசரச் சட்டம். மணி பூஜை அறைக்குப் போனது, துண்டு குளியலறைக்குப் போனது. சாப்பாட்டு மேஜையில் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றாள் அக்கா. அப்படியே அப்பா! நான் சொன்னேன், இது பேச்சுரிமை மறுப்பு, பிள்ளை பட்டினி கிடக்கும், பொறுப்பு உன்னுடையது என்று. கிடந்தாள், ஒன்றரை நாள். மணி எங்கே என்று கேட்டாள். இரண்டாம் நாள் இரவு அக்கா ஏதோ துணி மடித்துக்கொண்டிருந்தாள், அத்தான் பேப்பர், நான் கோபத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தானே கையை விட்டுப் பிசைந்து ஒரு தட்டு சாம்பார் சோறு தின்று முடித்திருக்கிறாள். பசித்ததாம்.

இதை வைத்துக்கொண்டு அக்கா என்னை எப்படிப் பார்த்தாள் என்கிறீர்கள்! ஆனால் யோசியுங்கள். மூன்று வாரம் ருசி பார்த்துப் பழகின நாக்கு அது. வயிற்றைத் திறந்துவைத்தது யார்? அடித்தளம் போட்டது யார்? கட்டிடத்தில் கடைசிச் செங்கல் வைத்தவன்தான் கொத்தனாரா?

இதற்குள் ஆடி கடைசி வெள்ளி வந்தது. அக்காவுக்கு இருக்கன்குடியில் வேண்டுதல். பிள்ளை சாப்பிட ஆரம்பித்தால் அவளுக்கு மொட்டை போடுகிறேன் என்று மாரியம்மனிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒரு ஒப்பந்தம், அம்மனிடம் ஒரு ஒப்பந்தம்! ஒரே வேலைக்கு இரண்டு பேரிடம் பேசியிருக்கிறாள். அம்மனுக்கு மட்டும் சொன்னபடி கொடுத்தாள். ஆதிரையின் இடுப்பு வரை தொங்கின முடி போனது. சந்தனம் தடவின மொட்டைத் தலையோடு வந்தாள் பிள்ளை.

சனிக்கிழமை எடை பார்த்தோம். கிளினிக் மிஷின். அத்தானும் ஏறினார், வேடிக்கைக்கு. முதலில் அவர். மூன்றரை கிலோ கூடியிருந்தார்! இரண்டு அணிப் பண்டத்திலும் மிச்சம் இருந்ததையெல்லாம் யார் தின்றார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் ஆதிரை. பதினாலு கிலோ தொள்ளாயிரம் கிராம்.

"நூறு கிராம் குறையுது" என்றாள் அக்கா.

நான் விடுவேனா? முந்தின நாள் வழித்து எறிந்த முடி எவ்வளவு எடை? இடுப்பு வரை நீண்ட முடி, எண்ணெய் தடவின முடி, நூறு கிராம் இல்லாமல் இருக்குமா? அந்த முடி என் கணக்கில் சேர வேண்டியது. அதைக் கேட்காமல் கொள்ளாமல் அம்மன் கணக்கில் எழுதினது யார்? நர்சிடம் கேட்டேன், முடியின் எடை சராசரி என்ன என்று. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஞாயிறு, திங்கள் போனது. ஆவணியும் பிறந்தது. பேசுவாயா, மாட்டாயா என்று நான் கேட்கும்போதெல்லாம் பால் பொங்கும், இல்லை குக்கர் விசில் அடிக்கும். ஊருக்குக் கிளம்பி வரச்சொல்லி அப்பாவிடமிருந்து தகவல் வந்தது. இன்று காலை நான் பெட்டியைக் கட்டி ஹாலில் வைத்துவிட்டு, பூஜை மணியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். கடைசியாக ஒரு அமர்வு என்றேன். தலைப்பு: கொடுத்த வாக்கின்படி செண்பகா அருப்புக்கோட்டைக்கு வந்து அப்பாவிடம் பேச வேண்டுமா, வேண்டாமா? நடுவர் ஆதிரை.

நடுவர் அப்போது முதல் தோசையில் இருந்தார். மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "ம், பேசுங்க" என்றார். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டே, "நான் வெளிநடப்பு" என்று மில்லுக்குப் போய்விட்டார்.

நான் பேசினேன், மேடம். இதுவரை நான் பேசினதிலேயே சிறந்த பேச்சு. ஒப்பந்தத்தின் புனிதத்தில் தொடங்கினேன். முடியின் எடைக்கு வந்தேன். படிக்கிற பெண்ணின் உரிமை, கூடப் பிறந்தவளின் கடமை, ஆடி மாதத்தின் அரசியல், ஒன்றையும் விடவில்லை. பன்னிரண்டு நிமிஷம். நடுவர் ஒரு தோசை முடித்து இரண்டாவதைத் தொடங்கியிருந்தார். குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது, ஒத்துக்கொள்கிறேன். அது உத்தி இல்லை. ஹைதராபாத்தை நினைத்தேன், அவ்வளவுதான்.

அக்கா தோசைக் கல்லை விட்டு வரவேயில்லை. அங்கிருந்தபடியே, "பேசுறதுல எனக்கு ஒண்ணுமில்ல, நடுவர் அம்மா. இன்னிக்கே வர்றேன். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு. 'படிக்கணும்னு சொன்னது அவளா, நீயா? அவளுக்கு வாயில்லையா?'ன்னு கேப்பாரு. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்னு உங்க சித்தியவே சொல்லச் சொல்லுங்க. அத மட்டும் சொல்லிட்டா நான் பஸ் ஏறுறேன்" என்றாள்.

இது வாதமே இல்லை. கேள்விக்குக் கேள்வி. நான் எழுந்து ஆட்சேபம் தெரிவிக்கப் போனேன். தெரிவித்திருப்பேன். என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் ஆதிரை மணியை அடித்துவிட்டாள்.

"சித்தி, ஐதராபாத்துக்கு யாரு போறா?"

"நான்தான்டா."

"அருப்புக்கோட்டத் தாத்தா அம்மாவுக்கு மட்டும் அப்பாவா?"

"எனக்கும்தான்."

"உன்னைய அடிப்பாரா?"

"சேச்சே. ஒருநாளும் அடிச்சதில்ல."

"கத்துவாரா?"

"அவர் பேசவே மாட்டாருடா."

ஆதிரை ஒரு வாய் தோசையை மென்று, ஒழுங்காக முழுங்கி, சொம்புத் தண்ணீரைக் குடித்து, துண்டால் வாயைத் துடைத்தாள். ஐந்து வயது. சட்டம் தெரியாது. ஒப்பந்தம் என்றால் என்னவென்று தெரியாது. மேல்முறையீடு செய்ய இடமும் கிடையாது. அந்தப் பிள்ளை சொன்ன தீர்ப்பைக் கேளுங்கள் மேடம். இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். இல்லை, ஒன்றும் சொல்ல வேண்டாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

"எங்க மிஸ் யாரு டப்பாவையும் தெறந்து குடுக்க மாட்டாங்க சித்தி. இறுக்கமா இருந்தாலும் அவங்கவங்கதான் தெறக்கணும். நீயே தாத்தாகிட்டப் போய்ப் பேசு. அம்மா, இன்னொரு தோச."